ஃபேன் இல்லாத சீலிங்குக்கு நடுவில் என்ன விளக்கு தொங்கவிடலாம்? (கோத்தகிரி வீடு)

கவாத்துக்கத்தி · கோத்தகிரி · மே 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு வேலை முடியுற கட்டத்துல இருக்கு. பூச்சு வேலை முடிஞ்சுட்டா ஒயரிங் மூடிடும். அதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்.

ஹால் 14க்கு 12 அடி. கான்கிரீட் தளம், பத்தடி உயரம். கோயம்புத்தூர்ல ஒரு வீடுன்னா ஹாலுக்கு நடு இடம் ஃபேனுக்குன்னு ஆயிடும், விளக்கெல்லாம் சுவரோரமா ஒதுங்கிக்கணும். நம்ம ஊர்ல யாரு ஃபேன் போடுறா? நடு இடம் சும்மாவே கிடக்கு. ஆனா நான் போன வீட்டுல எல்லாம் அந்த இடத்தை வெறுமனே விட்டுட்டு, சுவர்ல ஒரு வெள்ளை ட்யூப்லைட் எரியுது. வெளிய மூடுபனி இறங்கின நாள்ல அந்த வெளிச்சத்துல உக்காந்தா குளிர் இன்னும் கூடின மாதிரிதான் இருக்கு.

எனக்கு அந்த இடத்துல ஒரே ஒரு விளக்கு வேணும். உள்ள வர்றவங்க கண்ணு முதல்ல அங்க போய் நிக்கணும். கடையில காட்டின கண்ணாடி சரவிளக்கு எதுவும் மனசுல ஒட்டல. மதுரையில பாத்தாலும் அதேதான், மைசூர்ல பாத்தாலும் அதேதான்.

என் யோசனை இது. எங்க தாத்தா 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து குடும்பத்தோட வந்தவர். தாயகம் திரும்பினவங்களுக்காக 1968-ல ஆரம்பிச்ச அரசுத் தேயிலைத் தோட்டத்துல, அதான் இப்ப டான்டீ, வேலை பாத்தார். பிற்பாடு அரை ஏக்கர் வாங்கி 1974-ல விதைத் தேயிலை நட்டார். அஸ்திவாரம் தோண்டுனப்ப அதுல ஒரு தூர் வேரோட வந்துச்சு. அப்பா அதைத் தூக்கிப்போட மனசில்லாம ஷெட்ல வெச்சிருக்கார்.

நேத்து அதைக் கழுவிப் பாத்தேன். ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு முண்டு விழுந்திருக்கு, வெட்டின இடத்துலருந்து மறுபடி கிளைச்சு, மறுபடி வெட்டி. ஒரு கிளையில விரல் வெச்சு எண்ணினேன், பதினொண்ணு. இதைத் தலைகீழா, வேர் மேல பாக்கத் தொங்கவிட்டு, கிளை நுனிகள்ல சின்னச் சின்ன பல்பு போட்டா எப்படி இருக்கும்? எடை போட்டாச்சு, 19 கிலோ. அகலம் 30 அங்குலம்.

அம்மாவுக்குத் துளியும் சம்மதமில்லை. "வேரோட பிடுங்குனதைத் தலைகீழா நடுவீட்டுல தொங்கவிடுவியா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல.

குன்னூர் ஒயர்மேன் · மே 11, இரவு 10.25

தம்பி, 22 வருஷமா மலையில ஒயரிங் பண்றேன். முதல்ல எடையைப் பேசுவோம், அழகை அப்புறம் பாக்கலாம்.

சமவெளியில கான்கிரீட் போடும்போதே ஃபேன் பாக்ஸும் கொக்கியும் கம்பியோட கட்டி உள்ள விட்டுடுவாங்க. இங்க ஃபேன் கிடையாதுன்னு கான்ட்ராக்டர் அதை விட்டுடுவார். உங்க தளத்துலயும் இருக்காது, பாருங்க. அப்ப கடைக்காரன் கொடுக்குற பிளாஸ்டிக் ப்ளக்கையும் ஸ்க்ரூவையும் நம்பி 19 கிலோ தொங்கவிடக் கூடாது. அது பூச்சுல மட்டும்தான் பிடிச்சு நிக்கும். ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததுல சொல்ல முடியாது.

இரும்பு ப்ளேட் ஒண்ணு, 10 எம்.எம். ஆங்கர் போல்ட் நாலு. பூச்சைத் தாண்டி கான்கிரீட்டுக்குள்ள இறங்கணும். ட்ரில் கம்பியில இடிச்சா இடத்தை மாத்துங்க, கம்பியை அறுக்காதீங்க. தொங்குற எடைக்கு நாலு மடங்கு தாங்கணும்ங்கிறது என் கணக்கு. விளக்கை மாட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கொக்கியில ரெண்டு சிமென்ட் மூட்டையைக் கட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலையில ப்ளேட்டுக்கும் தளத்துக்கும் நடுவுல பேப்பர் நுழையக் கூடாது.

எடை ஸ்டீல் ஒயர் ரோப்புல நிக்கணும். கரன்ட் ஒயர் தளர்வா தனியா வரணும், ஒரு கிராம் எடைகூட அதுல விழக் கூடாது. எர்த் கட்டாயம். கரன்ட் கசிஞ்சா தானா கட் பண்ணுற ஆர்.சி.சி.பி. இருக்கான்னும் பாத்துக்கோங்க.

இன்னொண்ணு. பல்போட சேந்தே வர்ற டிசைன் லைட்டு வாங்கிடாதீங்க. இங்க மரம் சாஞ்சு லைன் அறுந்து வோல்டேஜ் ஏறி இறங்கும், இடி வேற. உள்ள இருக்குற டிரைவர் சர்க்யூட் போச்சுன்னா முழு லைட்டும் போச்சு. சாதாரண பி22 ஹோல்டர் போடுங்க. பல்பு போனா கோத்தகிரி பஜார்லயே கிடைக்கும்.

வரைபலகை · கோவை · மே 12, காலை 7.15

உள்ளலங்கார வேலையில் இருக்கிறேன். மலை வீடுகளும் சில செய்திருக்கிறேன். நடு இடம் காலியாக இருப்பதைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று. தமிழ்நாட்டில் பெரிய தொங்கு விளக்குக்கு இயல்பாக இடம் விடும் வீடுகள் உங்களுடையவைதாம். எங்கள் பக்கம் ஃபேனோடு சண்டை போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். றெக்கையின் நிழல் வேறு சுவரெல்லாம் சுற்றும்.

தூரை விளக்காக்குவது வினோதம் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். ஜெர்மானியரான இங்கோ மௌரர் 1994-ல் உடைந்த பீங்கான் தட்டுகளைக் கொண்டே ஒரு தொங்கு விளக்கு செய்தார். 1997-ல் கம்பி நுனிகளில் காகிதத் துண்டுகளைக் கிளிப் போட்டு இன்னொன்று. அந்தக் காகிதங்களில் வாங்கியவரே எதையாவது எழுதி மாட்டிக்கொள்ளலாம். கையில் கிடைக்கும் பொருளை விளக்காக்கும் வழி பழையதுதான்.

ஆனால் பார்ப்பதற்கு விசித்திரமாக இருப்பது மட்டும் போதாது. டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958-ல் செய்த கூனைப்பூ (ஆர்டிசோக்) விளக்கைப் பாருங்கள். 12 வரிசையில் 72 உலோக இதழ்கள். பார்த்தால் பூ. அந்த இதழ்களுக்கு வேலை ஒன்று உண்டு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது, வெளிச்சம் மட்டும் இதழில் பட்டு வரும். 60 வருடம் கழித்தும் அது சலிக்காததற்கு அதுதான் காரணம் என்பேன்.

உங்கள் யோசனையில் எனக்கு இடறுவதும் அதுதான். கிளை நுனிகளில் பல்பு போட்டால் எல்லோரும் பல்பைப் பார்ப்பார்கள், தூர் இருட்டாகிவிடும். பதினொரு முண்டும் தெரியாது. வெளிச்சத்தைத் தூருக்குள் ஒளித்து வையுங்கள்.

அளவு சரியாக இருக்கிறது. அறையின் நீள அகலத்தை அடியில் கூட்டி, அந்த எண்ணை அங்குலமாகக் கொள்வது எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. 14ம் 12ம் 26. உங்கள் 30 கொஞ்சம் கூடுதல். ஒரே விளக்கென்றால் அது பொருந்தும்.

கொடை மேகம் · கொடைக்கானல் · மே 12, காலை 11.50

யாரும் காகித விளக்குப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். இசாமு நொகுச்சி 1951-ல் ஜப்பானின் கிஃபு ஊரில் தொடங்கிய மூங்கில்–காகித விளக்குகளைப் படத்தில் பார்த்து மயங்கி, அதே சாயலில் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டடி உருண்டை. மாட்டிய அன்று அறைக்குள் நிலா இறங்கின மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஜூனில் மாட்டினேன். நவம்பர் முழுக்க வடகிழக்கு மழை, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீடு தெரியாத நாட்கள். ஜனவரியில் ஒரு நாள் விளக்கைப் போட்டபோது நிலாவின் கீழ்ப்பக்கம் கரும்புள்ளி. ஊசிமுனை அளவில் நூற்றுக்கணக்கில். துடைத்தேன், காகிதம் கிழிந்தது. பூஞ்சை காகிதத்துக்குள்ளேயே ஊறிவிட்டது. "எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது" என்று போட்டு விற்ற கடை, பணம் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டது.

மூடிய கண்ணாடிக் குமிழிலும் இதே தொல்லைதான். எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து வெளியேறும், அணைத்ததும் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். காலையில் பார்த்தால் குமிழின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். மலையில் விளக்கு என்றால் காற்று உள்ளே போய் வெளியே வர வழி இருக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் தூர் நல்ல தேர்வு.

கூடலூர்க்காரி · மே 12, மாலை 6.30

தூரைப் பத்தி அம்மா சொன்னதை நான் அப்புறம் சொல்றேன். இங்க ஒருத்தரும் உண்ணிச்செடியைப் பேசலையே!

முதுமலைப் பக்கம் காட்டுக்குள்ள எங்க பாத்தாலும் உண்ணிதான். 1800-கள்ல அழகுச்செடியா இந்தியாவுக்குக் கொண்டாந்தது, இப்ப புல்லை வளர விடாம மூடிக்கிட்டு நிக்குது. எங்க ஊர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அந்தக் குச்சியைத்தான் வெட்டி, தண்ணியில வேகவெச்சு, தோலை உரிச்சு, சூடு இருக்கும்போதே வளைச்சு யானை செய்றாங்க. நிஜ யானை அளவுல. 2021-ல லண்டன் பூங்காக்கள்ல கூட்டமா நிறுத்தினாங்களே, அந்த யானைங்க. 2024-ல அமெரிக்காவுக்கும் போச்சு.

அதே குச்சியில விளக்குக் கூடும் பின்னலாம். எங்க வீட்டுத் திண்ணையில ஒண்ணு இருக்கு, ஒரு பெரிய பூசணிக்காய் அளவு. மூணு வருஷமாச்சு, பூஞ்சை இல்ல, கரையான் இல்ல. காத்து தாராளமா போகுது. சாயங்காலம் போட்டா திண்ணை முழுக்க நிழல் வலை. என் பொண்ணு அந்தக் கட்டத்துக்குள்ள கால் வெச்சுப் பாண்டி ஆடுவா.

லவ்டேல் சாலை · ஊட்டி · மே 12, இரவு 8.05

தோடர் பூவேலைத் துணியில் விளக்குக் கூடு செய்தால் என்ன? வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். நம்ம நீலகிரிக்கே உரியது, 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய சால்வை ஒன்று கிடைத்தால் வெட்டி உருளையாகச் சுற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கூடலூர்க்காரி · மே 12, இரவு 8.40

பழைய சால்வையை வெட்டாதீங்க அண்ணா, தயவு செஞ்சு. அது அவங்க சடங்குக்குப் போத்திக்கிறது. ஒருத்தர் இறந்துட்டா உடம்பையும் அந்தப் பூவேலைத் துணியிலதான் போத்துவாங்க. அதை வெட்டி பல்பு மேல சுத்துறதை அவங்க வீட்டுல யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? விக்கிறதுக்குன்னே தோடர் பெண்கள் தையல் போடுற மேசை விரிப்பு, பை எல்லாம் இருக்கு. அளவு சொல்லிக் கேட்டு வாங்குங்க, காசும் அவங்க கைக்குப் போகும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்தத் தையல் நல்லா கனம். பின்னாடி பல்பு போட்டா சிவப்பு சிவப்பாவே தெரியாது, கறுப்பும் சிவப்பும் ஒரே இருட்டாத்தான் தெரியும். நான் விளக்குப் பக்கம் பிடிச்சுப் பாத்திருக்கேன். அந்தத் துணிக்கு வெளிச்சம் முன்னாடியிருந்து விழணும். சுவர்ல மாட்டி, மேலருந்து ஒரு சின்ன விளக்கு போடுங்க.

லவ்டேல் சாலை · ஊட்டி · மே 12, இரவு 9.00

சடங்கு விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். சுவரில் மாட்டுவதுதான் சரி.

பழைய பங்களா · வெலிங்டன் · மே 13, காலை 6.20

எனக்கு 71 வயது. எங்கள் வீடு தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை சீலிங். அந்தப் பலகையில் ஒரு கிலோகூடத் தொங்கவிட முடியாது. மேலே ஏறி விட்டத்தைத் தேட வேண்டும், அங்கே எலி, பூனை எல்லாம் குடியிருக்கின்றன. எங்களைப் போன்ற வீடுகளுக்கு என்ன வழி?

தம்பியின் அம்மா சொன்னதையும் யோசித்தேன். அது வெறும் பயமில்லை. மரத்தைத் தலைகீழாகப் பார்க்கும்போது அது விழுந்த மரமாகத்தான் கண்ணில் படும். அவர் அந்தச் செடியில் கொழுந்து எடுத்த கை. நான் அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் உறுத்தும்.

வரைபலகை · கோவை · மே 13, காலை 9.30

ஐயா, சீலிங்கைத் தொடவே வேண்டாத வழி ஒன்று உண்டு. இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962-ல் ஆர்கோ என்று ஒரு விளக்கு செய்தார்கள். தரையில் ஒரு சலவைக்கல் கட்டை, அதிலிருந்து வில்லாக வளைந்து வரும் எஃகுத் தண்டு, அதன் நுனியில் மேசைக்கு நேர் மேலே விளக்கு. கூரையில் துளையிடாமல் மேசை நடுவில் வெளிச்சம் வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. கல் ஏறத்தாழ 65 கிலோ. அதன் நடுவே ஒரு துளை இருக்கும். அழகுக்கென்று நினைப்போம், விளக்குமாற்றுக் கழியை அதில் செருகி இரண்டு பேர் தூக்குவதற்காக விட்ட துளை அது.

அசல் நமக்கு எட்டாத விலை. ஆனால் அதன் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அரவேணு, குன்னூர் பக்கம் நல்ல வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. தண்டை அவர்கள் வளைத்துத் தருவார்கள், அடிக்கு ஒரு பழைய ஆட்டுக்கல் போதும். குழவி நிற்கும் குழியிலேயே தண்டை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிவிடலாம்.

பழைய பங்களா · வெலிங்டன் · மே 13, காலை 9.55

ஆட்டுக்கல் பின்கட்டில் கிடக்கிறது! என் மனைவியிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

கவாத்துக்கத்தி · கோத்தகிரி · மே 15, இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதினதை அப்படியே அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "கொழுந்து எடுத்த கை"ன்னு வந்ததும் எழுந்து உள்ள போயிட்டாங்க. ராத்திரி சாப்பிடும்போது தானா சொன்னாங்க: "தலைகீழா வேணாம். நின்ன மாதிரியே நிக்கட்டும். வேர் கீழ, தலை மேல."

நான் அப்படி யோசிக்கவே இல்ல. உடனே ஷெட்டுக்குப் போய் தூரை நிமித்திக் கயித்துல கட்டித் தொங்கவிட்டு, போன் டார்ச்சை வேருக்கு நடுவுல வெச்சேன். ஷெட்டுத் தகரம் முழுக்க வேர் நிழல் ஓடுச்சு, ஒவ்வொரு சல்லிவேரும் கோடு கிழிச்ச மாதிரி. அப்புறம் ஒரு 9 வாட் பால் நிற எல்.இ.டி. பல்பை ஹோல்டரோட அங்க வெச்சுப் பாத்தேன். நிழல் எல்லாம் கலங்கிப் போச்சு. அது ஏன்?

கொடை மேகம் · கொடைக்கானல் · மே 16, காலை 8.00

வெளிச்சம் எவ்வளவு சின்னப் புள்ளியிலிருந்து வருகிறதோ, நிழல் அவ்வளவு கூர்மையாக விழும். போன் டார்ச் ஒரு மிளகு அளவுதான். பால் நிற பல்பு ஆரஞ்சுப்பழ அளவு. அதன் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக நிழல் போட்டு ஒன்றையொன்று அழிக்கும். நிழல் வேண்டுமென்றால் சின்ன, தெளிந்த பல்பு. முகம் தெரிய, படிக்க, சாப்பிட வேண்டுமென்றால் பால் பல்பு. இரண்டையும் தனித்தனி சுவிட்சில் போடுங்கள்.

நிறம் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல், எடுங்கள். மஞ்சள் வெளிச்சம் மூடுபனியைத் துளைக்கும் என்று பலர் சொல்வார்கள். மூடுபனித் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் நல்லது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. வெள்ளையில் நீலம் அதிகம், விட்டில் பூச்சிகள் அதற்குத்தான் கூட்டமாக வரும். பெரிய ஜன்னல் இருந்தால் மழை விட்ட இரவுகளில் கண்ணாடி முழுக்க அப்பிக்கொள்ளும்.

குன்னூர் ஒயர்மேன் · மே 16, காலை 8.45

ரெண்டு சுவிட்ச் நல்ல யோசனை. பூச்சு மூடுறதுக்கு முன்னாடி ஒயர் ஒண்ணு கூடுதலா இழுத்துடுங்க. வெளிச்சத்தைக் குறைக்கணும்னு பழைய ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிடாதீங்க. எல்.இ.டி. கண் சிமிட்டும், சீக்கிரம் போயிடும்.

கூடலூர்க்காரி · மே 16, மதியம் 1.15

தம்பி, தூர் காயட்டும், அவசரப்படாதீங்க. கீழ பேப்பர் விரிச்சு ஒரு வாரம் வைங்க, மாவு மாதிரி கொட்டினா உள்ள வண்டு இருக்குன்னு அர்த்தம். போராக்ஸும் போரிக் ஆசிடும் வெந்நீர்ல கரைச்சு ரெண்டு தடவை பூசுங்க. காஞ்சப்புறம் ஆளிவிதை எண்ணெய். பளபளன்னு வார்னிஷ் அடிச்சா ஃபர்னிச்சர் கடைத் தூர் மாதிரி ஆயிடும்.

எண்ணெய் துடைச்ச துணியை மட்டும் சுருட்டி மூலையில போடாதீங்க. ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணி தானாவே தீப்பிடிக்கும். தண்ணியில நனைச்சு வெளிய விரிச்சுப் போடுங்க.

கவாத்துக்கத்தி · கோத்தகிரி · ஆகஸ்ட் 24, இரவு 9.20

மூணு மாசம் கழிச்சு வர்றேன். நேத்து மாட்டியாச்சு.

ஃபேன் பாக்ஸ் இல்லைன்னு ஒயர்மேன் அண்ணா சொன்னது அப்படியே. ப்ளேட் அடிச்சு, ரெண்டு மூட்டை சிமென்ட் ஒரு ராத்திரி தொங்குச்சு, அப்பா மூணு தடவை எழுந்து வந்து பாத்தார். காலையில பேப்பர் நுழையல. காஞ்சப்புறம் தூர் 13 கிலோவுக்கு வந்துடுச்சு.

ஹால் நடுவுல சாப்பாட்டு மேசையைப் போட்டு அதுக்கு மேல தொங்கவிட்டிருக்கோம். வேர் நுனிக்கும் மேசைக்கும் 32 அங்குலம். வேருக்குள்ள தெளிந்த சின்ன பல்பு ஒண்ணு, மேல கிளைக்கு நடுவுல சீலிங்கைப் பாத்து பால் பல்பு ரெண்டு. சாப்பிடும்போது மேல் விளக்கு. சாப்பிட்டு முடிச்சதும் அம்மாவே எழுந்து சுவிட்சை மாத்துறாங்க. நாலு சுவர்லயும் வேர் இறங்குது. பதினொரு முண்டும் கீழருந்து பாத்தாத் தெரியுது. எந்தக் கவாத்து எந்த வருஷம்னு அப்பா சொல்லிக்கிட்டே வர்றார், தங்கச்சி பிறந்த வருஷத்து முண்டுல கொஞ்சம் நின்னுட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். வாசக் கதவைத் திறந்தா காத்துக்குத் தூர் லேசா சுத்துது, நிழலும் சுவரைச் சுத்தி மெதுவா நகருது. பக்கவாட்டுல கம்பி கட்டி நிறுத்தலாம்னு பாத்தேன், அம்மா கட்டாதேன்றாங்க. ஒயர்மேன் அண்ணா, இப்படிச் சுத்தினா ஆங்கருக்கு ஏதாவது ஆகுமா?

குன்னூர் ஒயர்மேன் · ஆகஸ்ட் 25, காலை 6.50

ஆங்கருக்கு ஒண்ணும் ஆகாது. ஒயர்தான் முறுக்கிக்கும். கொக்கிக்கும் ரோப்புக்கும் நடுவுல ஒரு ஸ்விவல், அதான் தானா சுழல்ற இணைப்பு, போடுங்க, கரன்ட் ஒயர்ல ஒரு முழம் தளர்வு விடுங்க. ஒரே பக்கமா சுத்திக்கிட்டே போகாம இருக்கான்னு வாரம் ஒரு தடவை பாத்து, கையால திருப்பி விட்டுடுங்க. கம்பி கட்ட வேணாம்.

பழைய பங்களா · வெலிங்டன் · ஆகஸ்ட் 25, காலை 7.30

தம்பி, பகலில் ஒரு படமும் இரவில் ஒரு படமும் போடுங்கள். எங்கள் ஆட்டுக்கல் பட்டறைக்குப் போயிருக்கிறது. தண்டு எட்டடி போதுமா, ஒன்பதா என்று வரைபலகை சொன்னால் இன்றே தகவல் கொடுத்துவிடுவேன். மேசை சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்கிறது.